தண்ணீர் நிற்கும் இடம்

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி இருக்கும். டுசல்டார்ஃபிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, பெட்டியை உருட்டிக்கொண்டு பிரௌவர்ஸ்கிராஹ்ட் பாலத்தின் மேல் ஏறியபோது அம்மா நின்றுவிட்டாள். மே மாதத் தொடக்கம். கரை நெடுக எல்ம் மரங்கள். அவற்றின் விதைகள் ஸ்டிக்கர்ப் பொட்டு அளவில், வெளிர்பச்சையும் பழுப்புமாக உதிர்ந்து தண்ணீரின் மேல் படர்ந்திருந்தன. ஆம்ஸ்டர்டாம்காரர்கள் அதை வசந்தகாலப் பனி என்கிறார்கள். அம்மாவுக்கு அது பொரி. "யாரோ பொரி எறைச்சிருக்காங்க" என்றாள். சுற்றி நின்றவர்கள் வீடுகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தோளோடு தோள் உரசி நிற்கும் ஒல்லியான வீடுகள், முகட்டிலிருந்து நீண்டிருக்கும் பொருள் தூக்கும் கொக்கிகள், பாலத்துக் கம்பியில் பூட்டிய சைக்கிள்கள். அம்மா அந்தப் பொரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொரி நகரவில்லை.

"இந்தத் தண்ணி எங்க தம்பி போவுது?"

எனக்குத் தெரியவில்லை. ஜெர்மனிக்கு வந்து ஒன்பது வருடம். இந்த ஊருக்கு இது நான்காவது முறை. முந்தைய மூன்று முறையும் தண்ணீர் எனக்கு வீடுகளின் நிழல் விழுவதற்கான இடமாகத்தான் இருந்தது.

"ஓடாத தண்ணின்னா நாறணும். நாறலியே. அப்ப எங்கயோ ஓடுது" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். நீடாமங்கலத்துக்குக் கீழே, ஆற்றிலிருந்து வாய்க்கால்கள் பிரியும் மதகுகளில் முப்பத்தோரு வருடம் இருந்தார். லஸ்கர் என்ற சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. படை என்று பொருள். ஐரோப்பியக் கப்பல்களில் வேலை செய்த இந்திய மாலுமிகளை அப்படித்தான் அழைத்தார்கள். அந்தச் சொல் எப்படியோ கப்பலை விட்டு இறங்கி எங்கள் ஆற்றங்கரைக்கு வந்து, ஷட்டரைத் திருகித் தூக்குகிறவருக்கும் கரையில் எலிவளை பார்க்கிறவருக்கும் பெயராகிவிட்டது. அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அம்மா இன்னும் தண்ணீரைப் பார்த்தால் ஒரு லஸ்கர் வீட்டுக்காரியாகத்தான் பார்க்கிறாள். அழகாக இருக்கிறதா என்பது அவளுக்கு இரண்டாவது. எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, யார் திறக்கிறார்கள் என்பதுதான் முதலில்.

அன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் விடுதியின் எதிரில் கரை ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றோம். தெருவிளக்கு வெளிச்சம் எதிர்ச்சுவரில் விழுந்தது. கரைச்சுவர் முழுக்கச் செங்கல். மேலே சாம்பல்நிறக் கருங்கல் மூடுகல். அம்மா விரலை நீட்டி எண்ணினாள். மூடுகல்லுக்குக் கீழே பதினாறாவது செங்கல்லைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. "பதினாறு. ஞாபகம் வச்சுக்க" என்றாள். எதற்கு என்று கேட்டேன். "நாளைக்குப் பாப்பம். ஏறுதா எறங்குதான்னு தெரிஞ்சிரும்."

மறுநாள் காலை எல்லோரையும் போல நாங்களும் படகில் ஏறினோம். ஒரு மணி நேரச் சுற்று. 1613-இல் வெட்டத் தொடங்கிய மூன்று பெரிய கால்வாய்கள் நகரத்தை அரைவட்டமாகச் சூழ்ந்திருக்கின்றன. கனவான்களின் கால்வாய் ஹேரன்கிராஹ்ட், பேரரசரின் கால்வாய் கைஸர்ஸ்கிராஹ்ட், இளவரசரின் கால்வாய் பிரின்ஸன்கிராஹ்ட். 2010-இல் யுனெஸ்கோ இந்த வளையத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மொத்தம் 165 கால்வாய்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். பாலங்கள் ஆயிரத்துக்கும் மேல். ரெகுலியர்ஸ்கிராஹ்ட் முனையில் படகை ஒரு கணம் நிறுத்தி, ஒன்றன்பின் ஒன்றாக ஏழு பாலங்களின் வளைவுகள் தெரிவதைக் காட்டினார்கள். பிரின்ஸன்கிராஹ்ட் 263-ஐக் கடந்தபோது படகில் பேச்சு நின்றது. ஆன் ஃபிராங்க் 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்ட் வரை ஒளிந்திருந்த வீடு. அந்தப் பெண்ணின் கதையை அம்மாவுக்கு முந்தின வாரமே சொல்லியிருந்தேன். வாசலில் இருந்த கூட்டத்தைப் பார்த்தாள். "இத்தன பேரு வாராங்களா அந்தப் புள்ளைக்காக" என்றாள். அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

கிராஹ்ட் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டாள். தோண்டுவது என்ற வினையிலிருந்து வந்தது. வெட்டப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். "வெட்டாறு" என்றாள் உடனே. எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரிலேயே ஓர் ஆறு ஓடுகிறது, நாகூர் வரைக்கும். ஆம்ஸ்டர்டாம் என்பதற்கு ஆம்ஸ்டல் ஆற்றின் அணை என்று பொருள் என்றேன். "அப்ப இது அணைக்கரை." எத்தனையோ வழிகாட்டி நூல்களில் படித்த பெயர் அது. அம்மா தமிழில் சொன்ன பிறகுதான் அது எனக்கு ஓர் ஊர்ப் பெயராகக் கேட்டது. ஓர் ஆற்றின் குறுக்கே யாரோ மண்ணைக் கொட்டி அணை கட்டினார்கள். அணையை ஒட்டிக் குடியேறினார்கள். 1275 அக்டோபர் 27 அன்று ஹாலந்துப் பிரபு ஐந்தாம் ஃபுளோரிஸ் அந்தக் குடிகளுக்குச் சுங்கவரி விலக்களித்து எழுதிக்கொடுத்த ஓலைதான் ஊரின் பெயர் வருகிற முதல் ஆவணம். அணையின் பக்கத்தில் குடியிருக்கும் ஆட்கள் என்றுதான் அதில் இருக்கிறது.

இங்கே நிலம் ஏன் கடலுக்குக் கீழே கிடக்கிறது என்பதைப் பலரும் விதி என்பதுபோலச் சொல்வார்கள். உண்மையில் பாதி மனிதர் செய்தது. புல்லும் பாசியும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அழுகிப் படிந்த பஞ்சு மண் இது. ஆயிரம் வருடம் முன்னால் இது கடலைவிட உயரமாகத்தான் இருந்தது. பயிர் வைக்க வேண்டும் என்று ஓடை வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். தண்ணீர் போன இடத்தில் காற்று புகுந்தது. காற்று புகுந்ததும் அந்தப் பழைய புல் மறுபடி மக்கத் தொடங்கியது. மக்க மக்க நிலம் அமுங்கியது. அமுங்கியதால் கரை கட்டினார்கள். கரை கட்டியதால் மழைத்தண்ணீர் உள்ளேயே நின்றது. அதை இறைக்கக் காற்றாலை வந்தது. இறைக்க இறைக்க நிலம் இன்னும் அமுங்கியது. ஒருமுறை கை வைத்தபின் கையை எடுக்க முடியாத வேலை. அப்படி எடுக்காமல் வைத்திருக்கிற கைதான் இந்த நாடு என்று எனக்குத் தோன்றுகிறது. சுற்றுலாப் படங்களில் வரும் காற்றாலைகள் மாவரைப்பதற்கு என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அவற்றில் பெரும்பகுதி இறைப்புப் பொறிகள்.

டாம் சதுக்கத்தில் உள்ள அரண்மனை முதலில் நகர மன்றமாகக் கட்டப்பட்டது. யாகோப் வான் காம்பென் வரைந்தது. 1648-இல் தொடங்கி 1655-இல் திறந்தார்கள். அந்தக் கல் மலை 13,659 மரத்தூண்களின் மேல் நிற்கிறது. இங்கே பள்ளிக் குழந்தைகள் அந்த எண்ணை மறக்காமல் இருக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: வருடத்து நாட்கள் 365, அதற்கு முன்னால் 1, பின்னால் 9. நகரத்துப் பழைய வீடுகள் எல்லாமே இப்படித்தான். பஞ்சு மண்ணையும் களிமண்ணையும் துளைத்துக்கொண்டு, ஏறத்தாழ பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் இருக்கும் மணல் படுகையைத் தொடும்வரை பைன், ஸ்புரூஸ் மரங்களை அடித்து இறக்கி, அவற்றின் தலையில் சுவரை ஏற்றினார்கள். மரம் மக்காதா என்பதுதான் எல்லோருக்கும் வரும் கேள்வி. அம்மா அதைக் கேட்கவில்லை.

"தண்ணிக்குள்ளயே கெடந்தா ஒண்ணும் ஆவாது. மூங்கில கொளத்துல ஊறப்போடுவாங்கல்ல, அதுமாரி. வெளிய எடுத்து, திரும்ப நனைச்சு, திரும்பக் காயவச்சாத்தான் உளுத்துப்போவும்."

பொறியாளர்கள் சொல்வதும் அதுவேதான். நிலத்தடி நீர் தூணின் தலைக்கு மேலே இருக்கும்வரை பூஞ்சைக்குக் காற்று கிடைக்காது. ஒரு கோடையில் நீர்மட்டம் இரண்டு சாண் இறங்கித் தூணின் தலை வெளியே தெரிந்தால் போதும், அழுகல் தொடங்கிவிடும். ஆகவே இந்த ஊர் தண்ணீர் ஏறுவதற்குப் பயப்படும் அளவுக்கு இறங்குவதற்கும் பயப்பட வேண்டியிருக்கிறது. அரண்மனைக்குள் பளிங்குத் தரையில் பதித்திருக்கும் உலக வரைபடத்தைப் பார்க்கத்தான் கூட்டம் போகிறது. நாங்களும் போனோம். பரந்த மண்டபம், அண்ணாந்து பார்க்கக் கழுத்து வலிக்கும் கூரை. அம்மா நடக்கும்போது காலைப் பார்த்துப் பார்த்து வைத்தாள். கீழே தண்ணீருக்குள் நிற்கிற பதின்மூவாயிரம் மரங்களை அவள் மறக்கவில்லை.

அங்கிருந்து தெற்கே பத்து நிமிடம் நடந்தால் மூன்று கால்வாய்கள் சந்திக்கும் முக்கு. அங்கே மூன்று பக்கமும் தண்ணீர் சூழ நிற்கும் சிவப்புக் கதவு வீட்டுக்கு மூன்று கால்வாய் வீடு என்றே பெயர். 1610-இல் கட்டியது. எங்கள் ஊரில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற இடத்துக்கு மூணாறு தலைப்பு என்று பெயர். அம்மா அந்த முக்கில் நின்று இடது பக்கம், வலது பக்கம், நேரே என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஷட்டர் ஒன்றும் கண்ணில் படாதது அவளுக்குக் குறையாக இருந்தது.

அந்த மூன்றில் ஒன்றின் பெயர் கிரிம்பர்க்வால். குறுகலான, பெரிய பெருமைகள் ஏதும் இல்லாத கால்வாய். பல்கலைக்கழகக் கட்டடங்களை ஒட்டிப் போகிறது. 2020 செப்டம்பர் 1 அன்று அதன் கரைச்சுவர் இருபது மீட்டர் நீளத்துக்குச் சரிந்து தண்ணீருக்குள் விழுந்தது. நடைபாதை, விளக்குக் கம்பம், அடியில் ஓடிய குழாய்கள் எல்லாம் சேர்ந்து போயின. ஆளுக்குச் சேதமில்லை. அந்தப் படங்களைக் கைபேசியில் எடுத்து அம்மாவுக்குக் காட்டினேன். சுவர் போன இடத்தில் ஈரமண்ணும், பல்வரிசைபோல முறிந்த மரத்தூண்களும்.

"ஒடப்பு" என்றாள்.

உடைப்பு என்ற சொல்லை அவள் சொன்ன விதத்தை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது. டெல்டாக்காரர்கள் வாயில் அந்தச் சொல் ஒரு சாவுச் செய்திபோல வரும். வடகிழக்குப் பருவமழையில், நடுராத்திரியில் யாராவது கரையோரம் ஓடிக்கொண்டே கத்துகிற சொல் அது.

இந்த நகரத்தில் கரைச்சுவர்கள் மொத்தம் 600 கிலோமீட்டர். அதில் 200 கிலோமீட்டர் நலிந்த நிலையில் இருக்கிறது என்று நகராட்சியே கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது. சரிபார்க்க வேண்டிய பாலங்கள் நூற்றுக்கணக்கில். குதிரை வண்டியும் கை வண்டியும் போவதற்காகக் கட்டிய கரையில் சிமெண்ட் லாரியும் குப்பை லாரியும் நூறு வருடமாக ஓடுகின்றன. சுற்றுலாப் படகுகள் முக்குகளில் திரும்பும்போது விசிறி தண்ணீரைக் கடைந்து சுவரின் அடிமண்ணை அரித்துவிடுகிறது. நாங்கள் காலையில் ஏறிய படகும் அப்படித்தான் திரும்பியது. பணம் இருந்தது, அறிவு இருந்தது, அளவெடுக்கக் கருவிகள் இருந்தன. பல பத்தாண்டுகள் பார்க்காமல் விட்டார்கள். தண்ணீருக்கு மேலே தெரிகிற செங்கல் அழகாக இருந்ததுதான் காரணமோ என்னவோ. அழகாக இருப்பதை யாரும் சந்தேகப்படுவதில்லை.

இப்போது கிரிம்பர்க்வாலில் சரிந்த இடத்தில் புதிய சுவர். பழைய செங்கல்லின் நிறத்துக்கு ஏற்பக் கட்டியிருக்கிறார்கள், சொன்னால்தான் தெரியும். ஆனால் நகரத்தில் வேறு பல இடங்களில் கரையை ஒட்டித் தண்ணீருக்குள் எஃகுத் தகடுகளை அடித்து, இடையில் மணலை நிரப்பி, சுவருக்கு முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகில்லை. படம் எடுக்க வருகிறவர்கள் அந்த இடம் வந்ததும் கேமராவைத் திருப்பிக்கொள்கிறார்கள். அப்படி ஓர் இடத்தில் அம்மா நின்று பார்த்தாள். தகடுக்குள் ஒரு பெரிய எல்ம் மரத்தை வெட்டாமல் விட்டு, அதன் அடியைச் சுற்றிப் பலகை அடித்துக் காப்பாற்றியிருந்தார்கள். அவள் அந்தப் பலகையைத் தொட்டுப் பார்த்தாள். அந்த வார இறுதியில் நான் பார்த்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது.

கிரிம்பர்க்வாலிலிருந்து நாலு தெரு தள்ளி, ஔடே ஹோக்ஸ்ட்ராட்டில், ஒரு வாயிலுக்குள் நுழைந்தால் செங்கல் முற்றம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகமாக இருந்த வீடு. 1602-இல் தொடங்கிய கம்பெனி, 1606-இலேயே இந்தக் கட்டடத்தை எழுப்பிவிட்டது. இப்போது பல்கலைக்கழகம். முற்றத்தில் மாணவர்கள் சைக்கிள்களைச் சாத்திவிட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். இந்த முற்றத்துக்கு அம்மாவைக் கூட்டிவரவேண்டும் என்று நான் முன்பே நினைத்திருந்தேன். பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியவர்களும் 1658-இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தவர்களும் இங்கிருந்து வந்த உத்தரவுப்படிதான் நடந்தார்கள். சோழமண்டலக் கரையில் வாங்கிய துணியைக் கொண்டுபோய் ஜாவாவிலும் மலுக்குத் தீவுகளிலும் கொடுத்து மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். நம் நெசவாளர்களின் கைத்துணிதான் அவர்களுக்கு அந்தத் தீவுகளில் செல்லுகிற காசு.

துணியோடு நின்றிருந்தால் நான் இதை வேறு மாதிரி எழுதியிருப்பேன். 1659 முதல் 1661 வரை, பிஜப்பூர்ப் படையெடுப்புக்குப் பின் தஞ்சைச் சீமையில் பஞ்சம். வயல் தரிசாகக் கிடந்தது. பசி தாங்காமல் கடற்கரைக்கு வந்தவர்களை, பிள்ளைகள் உட்பட, நாகப்பட்டினம் போன்ற துறைகளில் கம்பெனி விலைக்கு வாங்கி இலங்கைக்கும் படேவியாவுக்கும் அடிமைகளாகக் கப்பலேற்றியது. ஆயிரக்கணக்கில். எங்கள் ஆறுகள் பாய்கிற அதே மண். அடிமை என்றால் ஆப்பிரிக்காவும் சூரினாமும் மட்டும் நினைவுக்கு வரும்படி நம் படிப்பு அமைந்துவிட்டது. 2021 ஜூலை 1 அன்று இந்த நகரத்தின் மேயர் ஃபெம்கே ஹால்ஸமா, அடிமை வணிகத்தில் நகரத்துக்கு இருந்த பங்குக்காகப் பொதுவில் மன்னிப்புக் கேட்டார். கேட்டது பெரிய காரியம். அந்த மன்னிப்பில் தஞ்சைப் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவள் கல் பெஞ்சில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பதை நிறுத்தினாள்.

"பேரு எழுதி வச்சிருப்பாங்களா?"

"எத்தன பேருன்னு கணக்கு இருக்கும்மா."

"கணக்கு சரி. பேரு?"

நான் பதில் சொல்லவில்லை. இதே நகரத்தில் 1672-இல், யாழ்ப்பாணத்தில் மதபோதகராக இருந்த பிலிப்புஸ் பால்டேயுஸ் மலபார், சோழமண்டலம், இலங்கை பற்றி எழுதிய பெரிய நூல் அச்சாகியது. தமிழ் எழுத்துகளைத் தகட்டில் செதுக்கி அதில் அச்சிட்டிருந்தார்கள். தமிழை அவர்கள் மலபார் மொழி என்று சொன்ன காலம். அ, ஆ என்று எழுதிப் பழகும் அளவுக்கு எங்கள் எழுத்து இந்தக் கால்வாய்க் கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்த எழுத்தில் அந்தப் பிள்ளைகளின் பெயரை எழுதிவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாலையில் இப்போதைய நகர மன்றம் இருக்கும் கட்டடத்துக்குப் போனோம். இசைநாடக அரங்கும் அதிலேயே இருக்கிறது. உள்நடையில் மூன்று கண்ணாடிக் குழாய்களில் தண்ணீர் நிற்கிறது. இரண்டில், கடற்கரையோர ஊர்களான ஐமௌடனிலும் ஃபிளிஸிங்கனிலும் அந்தக் கணத்தில் கடல் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அந்த மட்டத்தில் தண்ணீர் ஏறி இறங்குகிறது. மூன்றாவது குழாய் தலைக்கு மேலே போகிறது: 4.55 மீட்டர். 1953 வெள்ளத்தில் தண்ணீர் வந்த உயரம். அந்த வெள்ளத்தில் இந்த நாட்டில் இறந்தவர்கள் 1,836 பேர். அம்மா அந்தக் குழாயை அண்ணாந்து பார்த்துவிட்டு, தன் தலைக்கு மேலே கையை நீட்டி எட்டுகிறதா என்று பார்த்தாள். எட்டவில்லை. அடித்தளத்தில் ஒரு கான்கிரீட் தூணின் தலையில் பித்தளைக் குமிழ் இருக்கிறது. பூஜ்யம் என்பது அந்தக் குமிழின் உச்சி. நாடு முழுவதும் உயரத்தை அளப்பது அந்தப் பூஜ்யத்திலிருந்துதான். கால்வாய்த் தண்ணீர் அதற்கு நாற்பது சென்டிமீட்டர் கீழே. எப்போதும் அங்கேயே இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள்.

அங்கிருந்து ஆம்ஸ்டல் ஆற்றோரமாக நடந்தால் கடைசியில் அம்மா தேடிக்கொண்டிருந்தது கிடைத்தது. ஆற்றின் குறுக்கே மதகுகள். பதினேழாம் நூற்றாண்டில் கட்டியவை. கனத்த மரக்கதவுகள், தள்ளித் திறக்கும் நீண்ட கைமரங்கள், நடுவில் சிறிய வீடு. கதவுகள் திறந்தே கிடந்தன. அங்கே நின்றுகொண்டு, முந்தின இரவு நான் படித்துவைத்ததை அம்மாவுக்குச் சொன்னேன். தெற்கேயிருந்து ஆம்ஸ்டல் வருகிறது. கிழக்கே பெரிய ஏரியிலிருந்து ஒரு நிலையத்தின் வழியாக நல்ல தண்ணீரை உள்ளே விடுவார்கள். இந்த மதகுகளை இரவில் மூடி, அந்தத் தண்ணீரைக் கால்வாய்களுக்குள் தள்ளி, பழைய தண்ணீரை மேற்கே வெளியேற்றுவார்கள். ஊரே தூங்கும்போது கால்வாய்களைக் கழுவிவிடுகிற வேலை. பழைய நகரத்து வீடுகளின் சாக்கடை 1980-கள் வரைக்கும் சில இடங்களில் நேரே கால்வாயில்தான் விழுந்துகொண்டிருந்தது; அப்போதெல்லாம் இந்தக் கழுவல் இல்லாவிட்டால் கரையில் நிற்க முடிந்திருக்காது. மேற்கே போகும் தண்ணீர் வடகடல் கால்வாயில் சேர்ந்து ஐமௌடனுக்குப் போகிறது. அங்கே கடல் வற்றமாக இருக்கும்போது மதகைத் திறந்து விடுகிறார்கள். கடல் ஏறியிருந்தால் இறைத்துக் கொட்டுகிறார்கள். ஆறு பம்புகள்.

"எத்தன கன அடி?"

விநாடிக்கு 260 கன மீட்டர். மனக்கணக்குப் போட்டு, ஒன்பதாயிரம் கன அடிக்குக் கொஞ்சம் மேலே என்றேன்.

அம்மாவின் முகம் மாறியது. "மேட்டூர்ல தொறந்து விடுற தண்ணிய இவங்க பம்பு வச்சு எறைக்குறாங்களா?" ஜூன் மாதம் வந்தால் வானொலியில் கேட்டுப் பழகிய எண் அது. ஒன்பதாயிரம், பத்தாயிரம் என்று மேட்டூரில் திறந்தால், அது எத்தனை நாளில் கல்லணைக்கு வரும், எத்தனை நாளில் எங்கள் மதகுக்கு வரும் என்று அப்பா விரல்விட்டுச் சொல்வார். எங்களுக்குத் தண்ணீர் என்பது வந்து சேர வேண்டியது. இவர்களுக்கு அது போய்ச் சேர வேண்டியது. அந்த ஓர் எண்ணில் அவளுக்கு இந்த ஊர் பிடிபட்டுவிட்டது. நான் ஒன்பது வருடத்தில் பார்க்காததை.

திரும்பும்போது ரோகின் நிலையத்தில் மெட்ரோ ஏறினோம். அந்தப் பாதையைத் தோண்டியபோது ஆம்ஸ்டல் ஆற்றின் பழைய படுகையிலிருந்து ஏழு லட்சத்துக்கு நெருக்கமான பொருட்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்பதாயிரத்துச் சொச்சத்தை நகரும் படிகளுக்கு நடுவே கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். சாவிகள், குழந்தைச் செருப்பு, எலும்பில் செய்த பகடை, உடைந்த குடங்கள், பல்செட், பழைய கைபேசிகள். எண்ணூறு வருடத்தில் கையிலிருந்து தவறி விழுந்தவையும் வேண்டாம் என்று எறிந்தவையும். படி எங்களைச் சுமந்துகொண்டு கீழே போனது. அம்மா ஒரு சாவியைச் சுட்டிக்காட்டினாள். எங்கள் வீட்டுப் பத்தாயத்துச் சாவியைப் போலவே இருந்தது. மறுபடி மேலே போய் இன்னொரு முறை இறங்கினோம்.

விடுதிக்குப் பக்கத்திலேயே பிரின்ஸன்கிராஹ்ட்டின் குட்டைக் கிளையில் ஒரு பழைய மதகு உண்டு. அதன் சுவரில் பதித்த ஒரு வெள்ளைப் பளிங்குக் கல்லைக் காட்ட வேண்டும் என்று அம்மாவை இன்னும் கொஞ்சம் நடக்கவைத்தேன். 1683 செப்டம்பர் முதல் ஒரு முழு வருடம் இந்த ஊரில் தண்ணீர் ஏறி இறங்குவதை அளந்தார்கள். அந்த அளவைக்கொண்டு மேயர் யோஹான்னஸ் ஹுடே எட்டு மதகுகளில் எட்டுக் கல் பதிக்கச் செய்தார். கணித மேதை அவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவரும்கூட. இன்று மிஞ்சியிருப்பது இந்த ஒரு கல். அதில் ஒரு கிடைக்கோடு. நகரத்து நீர்மட்டத்துக்கு மேல் ஒன்பது அடி ஐந்து அங்குலம் என்றும், கடல் தடுப்புக் கரையின் உயரம் இது என்றும் எழுதியிருக்கிறது. ஐரோப்பாவில் பல நாடுகள் தங்கள் உயரங்களை அளக்கும் மட்டம் இந்தக் கோட்டிலிருந்து வளர்ந்தது. ஒரே மனிதர் காலையில் தண்ணீரின் அளவையும் மாலையில் அந்த முற்றத்து வீட்டில் துணியின் அளவையும் ஆட்களின் கணக்கையும் பார்த்திருக்கிறார் என்பதை என்னால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. அளக்கத் தெரிந்த கை எல்லாவற்றையும் அளக்கும்.

அம்மா கல்லைப் பார்த்தாள். "கேஜு" என்றாள். எங்கள் மதகுச் சுவரில் அடியும் அங்குலமுமாக வெள்ளையில் கறுப்புக்கோடு போட்டிருக்கும். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அப்பா அதைப் படித்து, நீல அட்டை நோட்டில் எழுதுவார். அவருக்குக் காய்ச்சல் என்றால் அம்மா போய்ப் படித்துவந்து சொல்வாள். அவர் படுத்தபடியே எழுதுவார். அந்த நோட்டுகளில் சில இன்னும் வீட்டுப் பரணில் இருக்கின்றன.

அன்று இரவு பதினோரு மணிக்கு மழை பிடித்தது. சாரலாகத் தொடங்கி, பிறகு கூரை ஓட்டில் கொட்டுகிற மழை. செங்குத்தான படிகள் ஏறிப் போகிற மாடி அறை. கூரை தலைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அம்மா தூங்கவில்லை. இரண்டு மணிக்கு நான் விழித்தபோது ஜன்னலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். "இந்த மழையில அப்பா சாக்க கொங்காணி போட்டுக்கிட்டு டார்ச்சோட கெளம்பிருவாரு" என்றாள். "நான் வாசல்லயே ஒக்காந்திருப்பேன். ஷட்டரத் தூக்கிட்டாரா இல்லியான்னு ஆத்துச் சத்தத்துலயே தெரியும்." இங்கே ஆற்றுச் சத்தம் இல்லை. மழைச் சத்தம் மட்டும்தான். கீழே கறுத்துக் கிடந்த கால்வாயில் ஒன்றும் தெரியவில்லை.

காலை ஆறு மணிக்கு மழை விட்டிருந்தது. என்னை எழுப்பாமலேயே கைப்பிடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போயிருக்கிறாள். நான் பதறிக்கொண்டு கீழே போனபோது, சேலை மேல் என் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கரை ஓரத்தில் நின்றிருந்தாள். தெருவெல்லாம் ஈரம். எல்ம் விதைகள் கருங்கல்லில் அப்பிக் கிடந்தன. தண்ணீரில் கிடந்தவை மெதுவாக, பார்த்தால் தெரியாத அளவுக்கு மெதுவாக, மேற்கே நகர்ந்துகொண்டிருந்தன.

எதிர்ச்சுவரை நோக்கி விரலை நீட்டி எண்ணினாள். முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

"பதினாறு" என்றாள்.